கட்டம் கட்டமாக வந்த கையேடு

ஜூன் 3, திங்கள்

புது மேனேஜர் நந்தகோபால் ஒரு உத்தரவு போட்டிருக்கிறார். அன்றன்று என்ன வேலை செய்தோம் என்று ஆபீஸை விட்டுக் கிளம்பும் முன் மெயில் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். "இரண்டு மில்களுக்கு அப்டேட் டிஸ்க் தயார் செய்தேன்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் என் வாய் அடங்குமா? மிச்சத்தைக் கொட்டத்தான் இந்த ஃபைல். வீட்டு லேப்டாப்பில் எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு டைப் செய்கிறேன். பெரிய எழுத்துதான் அழகு.

பிற்காலத்தில் இதைப் படித்து நானே முழிக்கக் கூடாது என்பதால் ஒரு அறிமுகம். திருமூர்த்தி. பீளமேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் சர்வர் பிரிவில் மூத்தவன். எங்கள் சாஃப்ட்வேர் நூற்பாலைகளில் ஓடுகிறது. எந்த மெஷின் எவ்வளவு நூற்றது, எது எப்போது நின்றது என்று ஷிஃப்ட் வாரியாகக் கணக்கு வைக்கும். மில் சர்வர்களுக்கு இண்டர்நெட் கிடையாது. முதலாளிகள் விட மாட்டார்கள். புது வெர்ஷன் வந்தால் அதை ஒரு டிஸ்க்கில் போட்டு எடுத்துப் போய், கருப்புத் திரையில் கமாண்ட் அடித்து ஏற்றிவிட்டு வர வேண்டும். சாஃப்ட்வேர் ஒரு பேக்கேஜ். அதன் கையேடு இன்னொரு பேக்கேஜ். வேலையின் நடுவில் சிக்கல் வந்தால் அதே கருப்புத் திரையில் ஒரு கமாண்ட் அடித்தால் கையேட்டுப் பக்கம் வந்து நிற்கும்.

வீட்டுக்கு வரும்போது மாடிப்படி பல்பு எரியவில்லை. முழங்காலில் இடித்துக்கொண்டேன். அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு ஒரு புகார் போட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

சங்கத்துச் செயலாளர் வந்து பல்பைப் பார்த்துவிட்டு, எரிகிறது என்கிறார். காலையில் வந்து பார்த்தால் எல்லாம் எரிகிற மாதிரிதான் தெரியும்.

ஜூன் 5, புதன்

எங்கள் பிரிவுக்கு அம்சவேணி வந்திருக்கிறாள். கோபிச்செட்டிபாளையத்துக்காரி, முப்பத்துச் சொச்சம் வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. ஐந்து மாதம் மேல்மாடியில் டெஸ்டிங்கில் இருந்தாள். பயிற்சிக் காலத்தின் கடைசி மாதத்துக்கு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒரு மில் சர்வரைத் தனியாகக் கையாண்டு காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் போன் எடுக்கும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்களாம்.

"போன் எடுக்கறதுக்கு நான் பேங்க்குலயே இருந்திருக்கலாமுங்ணா" என்றாள். "எங்களைப் பாத்தாலே எல்லாருக்கும் போனுதான் ஞாபகத்துக்கு வரும். போதும் போதும்னு ஆயித்தான் படிச்சுட்டு இங்க வந்தனுங்."

அவள் வேலை செய்வதை இன்று முழுக்க வேடிக்கை பார்த்தேன். என் மெயிலில் இதை எழுத முடியுமா? மானிட்டரே போட்டுக்கொள்ளவில்லை. காதில் இயர்போன். அதற்குள் ஒரு குரல் கடுகு வெடிக்கிற வேகத்தில் பேசுகிறது. எனக்கு ஒரு சொல் புரியவில்லை. அவளோ அதைக் கேட்டுக்கொண்டே டைப் அடித்துக்கொண்டே என்னிடம் கொத்துபரோட்டா எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்றும் விசாரிக்கிறாள். சர்வரில் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது என்று பட்டியல் கேட்டாள். நூற்றுக்கணக்கில் வந்தது. நானாக இருந்தால் மேலும் கீழும் உருட்டித் தேடியிருப்பேன். அவள் பட்டியலைக் கமாண்டிலேயே வடிகட்டி, கையேடுகளை மட்டும் பிடித்து, எது பழையது, எது புதியது என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் சாஃப்ட்வேருக்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதினேன். மில் எலக்ட்ரீஷியன்கள் படிக்கட்டும் என்று ஆசையாக எழுதினேன். கருப்புத் திரைக்குத் தமிழ் வராது. சில சர்வரில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறி வரும். பல சர்வரில் வெறும் கட்டம் கட்டமாக வரும். ஆபீஸில் ரொம்ப நாள் அதற்குக் "கட்டக் கையேடு" என்றுதான் பேர். ஒருவரும் படித்ததில்லை. பேக்கேஜ் மட்டும் எல்லா மில்லிலும் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அம்சவேணி அதை முழுக்கப் படித்திருக்கிறாள்.

"எப்படி? கட்டமால்ல வரும்?"

"கட்டம்னா என்னுங்? எனக்கு எழுத்தாத்தான் வருது" என்றாள். "எட்டாவது பக்கத்து முடிவுல 'இது புரியாவிட்டால் புரியும்வரை மறுபடி படிக்கவும், எழுதியவனைத் தேட வேண்டாம்'னு எழுதியிருக்கறீங். நெம்பக் கொழுப்புங்ணா உங்களுக்கு."

கண்ணுக்குத்தான் அது உடைந்திருந்தது. அவள் காதில் பேசும் குரலுக்கு முழுசாகவே போயிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

சந்தோஷம் இரண்டு நாள்தான்.

நந்தகோபால் கூப்பிட்டார். கையேடு எல்லாவற்றையும் புது வெப்சைட்டில் படமும் வீடியோவுமாகப் போட்டாயிற்றாம். இனி சர்வர்களில் கையேட்டுப் பேக்கேஜ் எதற்கு, அடுத்த அப்டேட் டிஸ்க்கிலிருந்தே எல்லா மில்லிலும் எடுத்துவிடுங்கள் என்றார்.

"மில்லுல நெட் கிடையாதே சார்."

"போன்ல பாத்துக்கலாம் திரு. நேத்து ஒண்ணத் திறந்து பாத்தேன். வெறும் கட்டம். இதெல்லாம் யாரு படிக்கிறாங்க?"

படிக்கிற ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "சரி சார்" என்றுதான் வாயில் வந்தது. மேனேஜர் அறையை விட்டு வெளியே வரும்போது குப்பைக்கூடையை உதைத்துவிட்டேன். கோபத்தில் உதைத்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 8, சனி

என் மனைவி சுகுணா விடவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பைக்கை விற்றது, முழங்கால், போன வாரம் கவிழ்த்த சாம்பார்க் கிண்ணம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கேஸ் கட்டி வைத்திருக்கிறாள். அவிநாசி ரோட்டு டிராஃபிக்கில் எவன் பைக் ஓட்டுவான் என்று சொன்னால் கேட்கிறாளா?

கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரங்களில் எங்காவது புள்ளி தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். மெஷின் சரியில்லை போல. புள்ளியே அதிகம் போடவில்லை. பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் பக்கத்தில் நின்ற பெண் "கவனமாப் பாருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரிசல்ட் பிறகு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

கையேடு போகப்போகிறது என்று அம்சவேணியிடம் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"புது வெப்சைட்டு என்ன பேசுதுன்னு நீங்களே கேளுங்ணா. மெதுவா வெச்சிருக்கறேன்."

கேட்டேன். "படம். படம். பெயரில்லாத படம். பட்டன். படம்." அவ்வளவுதான். நூல் அறுந்தால் என்ன செய்வது, சர்வர் நின்றால் என்ன செய்வது எல்லாம் அந்தப் படங்களுக்குள் இருக்கிறது.

"ஒவ்வொரு மில்லுலயும் ஒவ்வொரு மாதிரி தகராறு பண்ணுமுங். எல்லாத்தையும் மனசுல வெச்சுட்டுப் போக முடியுங்களா? கருப்புத் திரையில எல்லாமே எழுத்துங். அங்க நீங்களும் நானும் ஒண்ணு. கையேடு இருந்தா நான் எந்த மில்லுக்கும் போவேன். இல்லீன்னா மறுபடி போனுதானுங்."

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. இயர்போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 13, வியாழன்

அப்டேட் டிஸ்க்கில் கை வைத்தேன். நான் எழுதியதை நானே அழிப்பதா? மேனேஜர் சொன்ன பிறகு அழிக்காமல் இருப்பதா? நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

கையேட்டுப் பேக்கேஜைத் தூக்கவில்லை. அதற்குப் பதில் டிஸ்க்கில் ஒரு செட்டிங் சேர்த்தேன். ஒரே ஒரு வரி. அப்டேட் ஏறும்போது அந்த வரியும் சர்வரில் போய் உட்காரும். பேக்கேஜ்களைப் பிரிக்கும்போது கையேட்டு ஃபோல்டருக்குள் போக வேண்டிய ஃபைல்களை மட்டும் வைக்காமல் விட்டுவிடும். பட்டியலில் பேக்கேஜ் இருக்கும். உள்ளே பக்கம் இருக்காது. நந்தகோபால் கணக்கில் கையேடு போய்விட்டது. நாளைக்கு மனம் மாறினால் ஒரு வரியை எடுத்தால் போதும், திரும்ப வந்துவிடும்.

வரிக்கு மேலே ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். குறிப்பு எழுதாமல் எனக்கு வேலை முடிந்த மாதிரியே இருக்காது.

ஜூன் 15, சனி

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் ரிசல்ட் வாங்கினேன். ஒன்றுமில்லை. சுகுணாவிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஜூன் 17, திங்கள்

வேலை ஓடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

அம்சவேணியிடம் அந்தக் குரல் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். சும்மா, பொது அறிவுக்குத்தான். ஸ்கிரீன் ரீடர் என்று பேர். அதுவும் ஒரு பேக்கேஜ்தான், கமாண்ட் அடித்து ஏற்றிக்கொள்ளலாமாம். ஆரம்பத்தில் எவ்வளவு வேகம் வைத்துக்கொண்டாய், எத்தனை மாதத்தில் பழகியது, தமிழையும் இங்கிலீஷையும் ஒன்றாகக் கேட்டால் குழம்பாதா, பழகாத காதுக்குத் தலைவலி வராதா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில் "பொது அறிவு நெம்ப ஆழமாப் போகுதுங்ணா" என்றாள்.

கொஞ்ச நாளாக மதியம் இருவரும் சேர்ந்துதான் கேண்டீனுக்குப் போகிறோம். அவள் இடது கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள், வலது கையில் குச்சி. ஆபீஸே எங்களைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறது. திருமூர்த்திக்கு இவ்வளவு தங்கமான மனசா என்று அக்கவுண்ட்ஸ் பெண்கள் பேசிக்கொள்கிறார்களாம். நல்ல பேரை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

"வலது பக்கம் ஒரு நாற்காலி கெடக்குதுங்" என்றாள் இன்று, போகிற போக்கில். விலகி நடந்தேன்.

ஜூன் 20, வியாழன்

உடுமலைப் பக்கம் ஒரு மில்லில் செவ்வாய்க்கிழமை அப்டேட். அம்சவேணிக்கு அதுதான் பரீட்சை என்று நந்தகோபால் சொல்லிவிட்டார். நான் கூடப் போக வேண்டும், ஆனால் உதவக் கூடாது. முடியாமல் போனால் மாற்றல் ஆர்டர் அன்றைக்கே தயார்.

"உடுமலை பன்னு வாங்கித் தருவீங்களாங்ணா?" என்கிறாள். பரீட்சைக்குப் போகிற ஆள் மாதிரியா பேசுகிறாள்!

ஜூன் 25, செவ்வாய்

இன்று நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.

காலையில் கம்பெனி காரில் கிளம்பினோம். பல்லடம் தாண்டியதும் ஆடிக்கு முன்னாலேயே காற்று அள்ளியது. காற்றாலைகள் குறைந்துவிட்டன. முன்பெல்லாம் சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். இப்போது அங்கொன்று இங்கொன்று. பாதியைக் கழற்றிவிட்டார்கள் போல என்றேன். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

மில்லில் வெயிலிலிருந்து சர்வர் ரூமுக்குள் நுழைந்ததும் எனக்கு எல்லாம் ஒரே இருட்டு. லைட்டைப் போடச் சொன்னேன். "எரியுதுங் சார்" என்றார் சூப்பர்வைசர். அம்சவேணியின் குச்சி எங்கோ டக்கென்று தட்டியது. "எடது பக்கம் பெட்டி இருக்குதுங்ணா, சித்த வலது தள்ளி வாங்க" என்றாள். போய் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தேன்.

அவள் தன் லேப்டாப்பைச் சர்வருடன் கேபிள் போட்டு இணைத்தாள். நான் கேட்டுக்கொண்டதால் இயர்போன் போடாமல் குரலை வெளியே பேச விட்டாள். பழைய கணக்கை நகல் எடுத்தாள், டிஸ்க்கைச் செருகினாள், அப்டேட் ஏற்றினாள். ஒரு தப்பு இல்லை. தேர்ந்த டெய்லர் கத்தரி பிடிக்கிற மாதிரி, வேண்டிய இடத்தில் மட்டும் கமாண்ட் விழுந்தது. நான் காலாட்டிக்கொண்டு பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஏறிய பிறகு சாஃப்ட்வேர் எழுந்திருக்க மறுத்தது.

சூப்பர்வைசருக்கு வியர்த்தது. "ஷிஃப்ட் மாறப்போகுதுங்க. அடுத்த ஷிஃப்ட்டுக்குக் கணக்கு ஏறலீன்னா ஆளுங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவாங்க. அதை வெச்சுத்தான் அவங்களுக்குப் படிக்காசே." எங்கள் ஆபீஸுக்குப் போன் போடலாம் என்று வெளியே ஓடினார். அந்தப் போன் போனால் அம்சவேணியின் கதை முடிந்தது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இது உங்க கையேட்டுல இருக்குதுங்ணா. எழுந்திரிக்க மறுத்தா என்ன பண்றதுன்னு ஒரு பக்கமே இருக்குது. வரி ஞாபகமில்ல, பேக்கேஜு இன்னும் டிஸ்க்குல வருதுங், பாத்துக்கறேன்" என்று கமாண்ட் அடித்தாள்.

"அப்படி ஒரு பக்கம் இல்லை" என்றது குரல்.

அந்த ஒரு வரி! இதே டிஸ்க்கில் வந்து, இதே அப்டேட்டில் உட்கார்ந்து, வேலையை முடித்துவிட்டது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், எழுதியவனுக்கே ஒரு சொல் நினைவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் விரல் ஓட ஆரம்பித்துவிட்டது.

பட்டியலைக் கேட்டாள். பேக்கேஜ் இருக்கிறது என்றது. "இருக்குதுங்குது, ஆனா இல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தப் பேக்கேஜில் இருக்க வேண்டிய ஃபைல்களில் எவை இல்லை என்று கேட்டாள். குரல் படபடவென்று அடுக்கியது. எல்லாமே ஒரே ஃபோல்டர். "ஒண்ணு ரெண்டு போனா கெட்டுப்போச்சுன்னு சொல்லலாம். ஒரு ஃபோல்டரு மொத்தமாக் காணோம்னா யாரோ வேணும்னு பண்ணியிருக்கறாங்க." அந்த ஃபோல்டரின் பேர் செட்டிங்குகளில் எங்கே வருகிறது என்று தேடச் சொன்னாள். ஒரே ஒரு இடம். திறந்தாள். மேலே இருந்த குறிப்பைக் குரல் எந்த உணர்ச்சியும் இல்லாமல் வாசித்தது:

"கையேடு வேண்டுமென்றால் கீழே உள்ள வரியை எடுக்கவும். ஏன் போட்டேன் என்று என்னைக் கேட்க வேண்டாம்."

அம்சவேணி கை வேலையை நிறுத்தினாள். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இது எனக்குத் தெரிஞ்ச கொழுப்பா இருக்குதுங்களே!"

"அம்சவேணி, நான்..."

"கேக்க வேண்டாம்னு எழுதியிருக்குதுங். கேக்கல."

வரியை எடுத்தாள். டிஸ்க்கிலிருந்து கையேட்டுப் பேக்கேஜை மட்டும் மறுபடி ஏற்றினாள். பக்கத்தைக் கேட்டாள். வந்தது. அறையின் ஓரத்தில் இருந்த மில் மானிட்டரில் திறந்திருந்தால் அதே பக்கம் வழக்கம்போலக் கட்டம் கட்டமாகத்தான் வந்திருக்கும். ஆனால் அவள் லேப்டாப்பில் நான் எழுதியதை நானே முதன்முதலாகக் காதால் கேட்டேன். "அப்டேட்டுக்குப் பிறகு எழ மறுத்தால் பதற வேண்டாம். கணக்கு ஃபோல்டரின் உரிமை வேறு பெயருக்கு மாறியிருக்கும். பழைய பெயருக்கு மாற்றிக்கொடு. மாற்றும் கமாண்ட் கீழே." அடித்தாள். சாஃப்ட்வேர் எழுந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாகப் பேர் சொல்ல ஆரம்பித்தன.

போனைக் காதில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் உள்ளே வந்தார். "இல்லீங், இல்லீங், ஓடுதுங், ஒண்ணுமில்லை வெச்சிருங்" என்றார். நான் கை தட்டிவிட்டேன். மானம் போனால் போகட்டும்.

திரும்பும்போது உடுமலையில் டிரைவர் பன் வாங்க இறங்கினார். காரில் நாங்கள் இருவர் மட்டும்.

"எப்பருந்துங்ணா?" என்றாள்.

"எது?"

"கண்ணு."

"கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன்மா, அதான்."

"தெனமும் மறந்துட்டு வர்றீங்." அவள் சிரிக்கவில்லை. "கேண்டீனுக்கு நீங்க என்னைக் கூட்டிட்டுப் போறீங்கன்னு ஊரே பேசுது. நாற்காலி எங்க கெடக்குதுன்னு நாந்தானுங் உங்களுக்குச் சொல்லிட்டிருக்கறேன். படி வர்றப்ப உங்க கை எப்படி இறுகுதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

டிரைவர் பன்னோடு வந்தார். சூடாக இருந்தது. அவள் இரண்டு பன்களைச் சாப்பிட்டாள்.

கோவைக்குத் திரும்பும் வழியில் டிரைவரிடம் கேட்டேன், காற்றாலை எல்லாம் எங்கே என்று. "ரெண்டு பக்கமும் நெறையா நிக்குதுங் சார். முன்னைக்கு இப்பத்தான் அதிகம்" என்றார். நான் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நேராக எங்கே பார்க்கிறேனோ அங்கே ஒன்று சுற்றியது.

ஜூன் 26, புதன்

டாக்டர் சொன்ன பேர் நீளமாக இருந்தது. விழித்திரை கெட்டு, பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வருமாம். மெதுவாகத்தான். மாலைக்கண் அதன் ஆரம்பம். 'புள்ளி நிறைய வந்தது, உங்களுக்குத்தான் தெரியவில்லை' என்றார். பதினைந்தாம் தேதி எழுதியிருக்க வேண்டியது. பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

நந்தகோபால் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மில்லில் நடந்ததைச் சொன்னேன். செட்டிங் வரி என் வேலை என்பதையும் சொன்னேன்.

"நான் திறந்தப்ப வெறும் கட்டமா இருந்துச்சு. குப்பைன்னு நினைச்சுட்டேன்" என்றார் அம்சவேணியைப் பார்த்து. "நீங்க சொல்லியிருக்கலாமே."

"என்னைக் கேட்டீங்களாங் சார்?"

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டேன். நந்தகோபால் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், அவரைப் பற்றி முன்னால் எழுதியதில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். "சரி, அந்தப் பேக்கேஜ் எவ்வளவு இடம் பிடிக்கும்?"

"வெப்சைட்டுல இருக்கற ஒரே ஒரு படத்தோட அளவுங் சார்."

"அப்ப ரெண்டும் இருக்கட்டும்."

இனி எல்லா மில்லின் கையேட்டுப் பேக்கேஜ்களும் அம்சவேணியின் பொறுப்பு. நிரந்தர ஆர்டர் திங்கட்கிழமை வரும். வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கேண்டீன் வரை இருவரும் பேசாமல் நடந்தோம். என் வாழ்க்கையில் நான் பேசாமல் நடந்த மிக நீளமான தூரம் அதுதான்.

ஜூலை 1, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. அம்சவேணி முதல் வேலையாகக் கையேட்டின் எட்டாவது பக்கத்தைத் திருத்தியிருக்கிறாள். 'எழுதியவனைத் தேட வேண்டாம்' என்ற வரியை எடுத்துவிட்டு என் மேஜை போன் நம்பரைப் போட்டுவிட்டாள். கேட்டால், போன் எடுக்கிற வேலை கொஞ்ச நாள் நீங்கள் பாருங்கள் என்கிறாள்.

மதியம் என் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் போனேன். "அந்தக் குரலை ஏத்திக் குடு" என்றேன்.

"ஏத்திக் குடுக்க மாட்டனுங். நீங்களே ஏத்துங். கமாண்டு உங்களுக்குத் தெரியாததா?"

அடித்தேன். ஸ்கிரீன் ரீடர் ஏறியது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"அதோட கையேட்டுப் பேக்கேஜு?" என்றாள்.

அதையும் ஏற்றினேன். வேகத்தை மிகக் குறைவாக வைக்கச் சொன்னாள். திரை வெளிச்சத்தைச் சுத்தமாக இறக்கச் சொன்னாள். கருப்புத் திரை இன்னும் கருப்பானது. விரல்கள் கீபோர்டில் வழி தெரியாமல் நின்றன. எஃப் எழுத்திலும் ஜே எழுத்திலும் ஒரு சின்ன மேடு இருக்கிறது. இத்தனை வருஷம் அடித்தும் நான் அதைக் கவனித்ததில்லை. அங்கே விரலை வைத்தேன். என் தமிழ்க் கையேட்டைக் கேட்டேன். குரல் ஒவ்வொரு சொல்லாக, சாதம் ஊட்டுகிற மாதிரி, முதல் வரியை வாசித்தது. கண் கலங்கிவிட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கும், அவளுக்கு எதுதான் தெரியாது.

"பதினஞ்சு நாளுல வேகத்தைக் கூட்டிக்கலாமுங்ணா" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 3, புதன்

சுகுணாவை ஆபீஸ் வாசலுக்கு வரச் சொல்லியிருந்தேன். அம்சவேணியை அறிமுகம் செய்து வைத்தேன். கொத்துபரோட்டாக் கடைக்கு மூவரும் போனோம். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிண்டல் செய்து தீர்த்தார்கள். அம்சவேணி என்னைப் பற்றி ஒரு சொல் விடவில்லை. அது நான் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றேன். சுகுணா இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங் மாமா, நின்னுட்டீங்?"

"கையைப் புடி, சுகுணா. படி தெரியல."

அவள் மேலே பார்த்தாள் என்று நினைக்கிறேன். "பல்பு எரியுதுங்களே" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

"எரியுதுன்னு தெரியும்" என்றேன்.

இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.